இம்மி பிசகாத கணக்கா இது? தேர்த்துகள் எண்ணை ஐஸ் நோட்டில் பெருக்கிப் பார்த்தேன்

பாம்பன்_ஐஸ்காரன் (இரவு 9:12)

தடைக்காலம் நடக்கிறது. விசைப்படகெல்லாம் கட்டிக் கிடப்பதால் ஐஸ் கம்பெனியில் எனக்குப் பாதி வேலைதான். மதியம் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு போனை நோண்டிக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்கள் குழுவில் அந்தப் பழைய பட்டியல் மறுபடியும் வந்து விழுந்தது. உங்களில் பாதிப் பேருக்கு ஒரு முறையாவது வந்திருக்கும்; தமிழ்ப் பின்னங்களின் பெயர்ப் பட்டியல். முந்திரி 320-ல் ஒன்று, கீழ்முந்திரி 102400-ல் ஒன்று, அப்புறம் இம்மி, மும்மி, அணு, குணம், பந்தம் என்று இறங்கிக்கொண்டே போகும். கடைசி ஆறு வரிகளை மட்டும் அப்படியே போடுகிறேன்:

சிந்தை – 1/74481555456000
கதிர்முனை – 1/489631109120000
குரல்வளைப்படி – 1/9585244364800000
வெள்ளம் – 1/575114661888000000
நுண்மணல் – 1/57511466188800000000
தேர்த்துகள் – 1/2323824530227200000000

அக்கா மகள் ஒன்பதாவது படிக்கிறாள், லீவுக்கு வந்திருக்கிறாள். எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, ஒண்ணுலேர்ந்து அடுத்ததுக்கு எத்தனை மடங்கு?" என்று கேட்டாள். சும்மாதானே இருக்கிறோம் என்று வகுக்க ஆரம்பித்தோம். கீழ்முந்திரியிலிருந்து இம்மிக்கு 21 மடங்கு. அடுத்தடுத்து 11, 7, 9, 5, 6, 7, 17, 14. எல்லாம் முழு எண்ணாக அழகாக வந்தது. சிந்தையிலிருந்து கதிர்முனைக்குப் போனால் 6.57 என்று ஏதோ வருகிறது. அடுத்தது 19.57. அதற்கப்புறம் திரும்பவும் ஒழுங்காக 60, 100. கடைசியில் தேர்த்துகளுக்கு 40.4.

நடுவில் எங்கேயோ உதைக்கிறது. போன் கால்குலேட்டர் கடைசி எண்ணை 2.32 சொச்சம் என்று காட்டி, பக்கத்தில் ஒரு 21-ஐப் போட்டுவிட்டு நின்றுவிட்டது. அதனால் ஐஸ் நோட்டில் கையாலேயே போட்டேன். எங்கே தப்பு என்று யாராவது சொல்லுங்கள்.

தனுஷ்கோடி_மணல் (இரவு 9:30)

குழுவில் இதைப் போட்டவர்களில் நானும் ஒருவன். அந்தக் காலத்துக் கணக்கை இன்றைக்குக் கால்குலேட்டரை வைத்துக் குற்றம் கண்டுபிடிக்க வேண்டாமே. 6.57 மடங்கு என்றால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும். நமக்குத்தான் புரியவில்லை.

தொண்டி_வலை (இரவு 9:41)

6.57-க்குக் காரணமா? வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையன் "ஆறு புள்ளி அஞ்சு ஏழு சிந்தை" என்று ஒப்பித்திருப்பானா, அண்ணே?

உச்சிப்புளி_வாத்தியார் (இரவு 10:05)

ஐஸ்காரத் தம்பி நல்ல இடத்தில் கையை வைத்திருக்கிறார். வகுப்பதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். முப்பது வருஷம் கரும்பலகையில் போட்டது இது.

பட்டியலில் அணுவிலிருந்து குணத்துக்கு 9 மடங்கு. ஆகவே குணத்திலிருந்து கீழே வருகிற ஒவ்வொரு எண்ணும் 9-ஆல் வகுபட்டே ஆக வேண்டும். 9-ஆல் வகுபட்டால் இலக்கங்களின் கூட்டுத்தொகையும் 9-ஆல் வகுபடும். சிந்தையின் இலக்கங்களைக் கூட்டினால் 54, சரி. கதிர்முனையைக் கூட்டுங்கள்: 4+8+9+6+3+1+1+0+9+1+2 = 44. வகுபடாது. 45 ஆக இன்னும் 1 வேண்டும்.

குரல்வளைப்படிக்கு 58. 63 ஆக 5 வேண்டும். வெள்ளத்துக்கு 60, நுண்மணலுக்கும் அதே 60. 63 ஆக 3 வேண்டும். தேர்த்துகளுக்கு மட்டும் 45, அது பழுதில்லாமல் நிற்கிறது.

இப்போது அந்த 1, 5, 3, 3 நாலையும் அந்தந்த எண்ணுக்கு முன்னால் ஒட்டிப் பாருங்கள். நான் விடையைச் சொல்லப் போவதில்லை, பாப்பாவை விட்டு வகுக்கச் சொல்லுங்கள்.

பாம்பன்_ஐஸ்காரன் (இரவு 10:38)

ஐயா, கும்பிடுகிறேன்!

1489631109120000-ஐ 74481555456000-ஆல் வகுத்தால் சரியாக 20. 59585244364800000 அதற்கு 40 மடங்கு. 3575114661888000000 அதற்கு 60 மடங்கு. 357511466188800000000 அதற்கு 100 மடங்கு. கடைசியில் தேர்த்துகள் 6½ மடங்கு. ஒரு புள்ளிகூட மிச்சமில்லை.

யாரோ தட்டச்சு செய்தபோது நாலு எண்களுக்குத் தலை போயிருக்கிறது. தலையில்லாத எண்களைத்தான் இத்தனை வருஷமாக ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அக்கா மகளுக்கு ஒரே ஒரு சந்தேகம். குரல்வளைப்படியும் தப்பு, வெள்ளமும் தப்பு என்றால் நடுவில் 60 மட்டும் எப்படிச் சரியாக வந்தது?

மண்டபம்_மாணவி (இரவு 10:52)

அதற்கு நான் சொல்கிறேன், அண்ணா. குரல்வளைப்படியில் காணாமல் போன 5, வெறும் 5 இல்லை. ஐந்துக்குப் பின்னால் 16 பூச்சியம். அதை 60-ஆல் பெருக்கினால் 3-க்குப் பின்னால் 18 பூச்சியம். வெள்ளத்தில் காணாமல் போனதும் சரியாக அதே 3 தான். இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் குறைந்ததால் வகுத்தால் 60 என்றே வரும். 100-க்கும் இதே கதைதான். போகிற போக்கில் நடுவில் ஒரு இடத்தை மட்டும் சோதித்தவர்களுக்கு எல்லாம் சரி என்றுதான் தெரிந்திருக்கும்.

சாருக்கு ஒரு கேள்வி. 9 சோதனையில் இலக்கம் இடம் மாறினால் தெரியாதே? 48 என்பதை 84 என்று அடித்தாலும் கூட்டினால் 12 தானே? காணாமல் போனது 0 அல்லது 9 என்றாலும் தெரியாது.

உச்சிப்புளி_வாத்தியார் (இரவு 11:10)

சரியான கேள்வி அம்மா. அதற்குத்தான் 11 இருக்கிறது. இம்மியிலிருந்து மும்மிக்கு 11 மடங்கு, ஆகவே அதற்குக் கீழே எல்லாமே 11-ஆல் வகுபட வேண்டும். இலக்கங்களை ஒன்று விட்டு ஒன்று கூட்டிக் கழித்தால் 0 அல்லது 11-இன் மடங்கு வர வேண்டும். தலை ஒட்டிய கதிர்முனை: 1−4+8−9+6−3+1−1+0−9+1−2 = −11. தேறிவிட்டது. அந்த 1 இல்லாமல் போட்டால் 12 வரும், தேறாது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் 9 கண்டுகொள்ளாது, 11 பிடித்துவிடும்.

ஆனால் இவை இரண்டும் காவல்காரர்கள்தான், தீர்ப்பு சொல்வது பெருக்கல்.

தொண்டி_வலை (காலை 6:20)

விடிந்ததும் இதைத்தான் படித்தேன். என் கேள்வி ரொம்பச் சாதாரணம். ஒரு படகில் இத்தனை ரூபாய்க்குப் பாடு கிடைத்தது என்று வையுங்கள், அதாவது தேர்த்துகள் எண் அளவு ரூபாய். எத்தனை பேர் போனால் சண்டை இல்லாமல் சமமாகப் பங்கு பிரிக்கலாம்?

(தடைக்காலம் 61 நாள். 61 பகா எண். அதைச் சமமாகப் பிரிக்கவே முடியாது. அதனால்தான் இப்படி இழுக்கிறது போல.)

உச்சிப்புளி_வாத்தியார் (காலை 7:45)

வலைத்தம்பி விளையாட்டாகக் கேட்டாலும் அந்த எண்ணின் உயிரே அதில்தான் இருக்கிறது. மடங்குகளை எல்லாம் உடைத்துச் சேர்த்தால் இப்படி வருகிறது:

2323824530227200000000 = 2²² × 3⁵ × 5⁸ × 7⁴ × 11 × 13 × 17

2-லிருந்து 17 வரை ஒரு பகா எண்கூட விட்டுப் போகவில்லை, 17-க்கு மேல் ஒன்றுகூட இல்லை. ஒருவர் போனாலும் பதினெட்டுப் பேர் போனாலும், நடுவில் எத்தனை பேர் போனாலும், மிச்சமில்லாமல் பங்கு பிரிக்கலாம். பத்தொன்பதாவது ஆளை ஏற்றினால்தான் சண்டை. இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு பேருக்கும் பிரியும்; இருபத்துமூன்றில் மறுபடி தகராறு. மொத்தக் காரணிகள் எத்தனை என்றால், அடுக்கு ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்க வேண்டும்: 23×6×9×5×2×2×2 = 49,680.

இன்னொன்று. 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001. அதனால் மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால், மூன்று எண்ணாலும் வகுபடுமா என்று ஒரே தடவையில் தெரிந்துவிடும். இங்கே மட்டும் நம்முடைய லட்சம் கோடிக் காற்புள்ளி உதவாது, வெள்ளைக்காரன் மாதிரி மூன்று மூன்றாகவே பிரிக்க வேண்டும்: 2, 323, 824, 530, 227, 200, 000, 000. வலமிருந்து வாருங்கள்.

0 − 0 + 200 − 227 + 530 − 824 + 323 − 2.

200-லிருந்து 227 போனால் −27. 530 சேர்த்தால் 503. 824 போனால் −321. 323 சேர்த்தால் 2. அந்த 2-ம் போனால் பூச்சியம். காலைக் காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தனுஷ்கோடி_மணல் (காலை 9:02)

சரி, நாலு இடத்தில் எழுத்துப்பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாருங்கள், கணக்கின் ஆழம் இன்னும் கூடத்தான் செய்கிறது! இவ்வளவு சின்ன அளவு எதற்கு வேண்டும்? அணுவுக்குள்ளே இருப்பதை நம் ஆட்கள் அறிந்திருந்தார்கள் என்றுதானே பொருள்?

மண்டபம்_மாணவி (காலை 9:40)

அண்ணா, அதையும் போட்டுப் பார்த்துவிடுவோம். நம்ம பழைய பாம்பன் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்த நீளத்தைத் தேர்த்துகள் எண்ணால் வகுத்தால் கிடைக்கிற துண்டு, ஒரு புரோட்டானின் குறுக்களவில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. இதை அளக்க எந்தக் கோலும் இருந்திருக்க முடியாது. பாலத்துக்குப் பதில் ஒரு வேப்பங்குச்சியை எடுத்தால் இன்னும் சின்னதாகும். பின்னத்துக்குத் தனி நீளம் கிடையாது, எதில் பங்கு என்பதைப் பொறுத்ததுதான்.

உங்களுக்குப் பிடிக்கிற மாதிரி ஒன்றும் சொல்கிறேன். 0.07 மில்லி தண்ணீர், அதாவது கொஞ்சம் பெரிய துளி ஒன்று. அதில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இந்தத் தேர்த்துகள் எண்ணேதான். அந்தத் துளியில் ஒரு தேர்த்துகள் என்றால் ஒரே ஒரு மூலக்கூறு! இதை உடனே குழுவில் போட்டுவிடாதீர்கள், தற்செயல்தான். துளியைக் கொஞ்சம் பெரிதாக்கினாலே ஒப்புமை கலைந்துவிடும்.

எனக்குப் பிடித்தது வேறு. 1/320-ஐத் தசமத்தில் எழுதினால் 0.003125, முடிந்துவிடும். கீழ்முந்திரியும் முடியும்: 0.000009765625. ஏனென்றால் 102400-க்குள் 2-ம் 5-ம் மட்டும்தான். இம்மிக்கு வந்ததும் 21 நுழைகிறது, அதாவது 3-ம் 7-ம். அங்கிருந்து எந்தப் பின்னமும் தசமத்தில் முடியாது, சுழல ஆரம்பித்துவிடும். இம்மிக்குச் சுழற்சி ஆறு இலக்கம். தேர்த்துகளுக்கு எவ்வளவு என்று நேற்று இரவு போட்டுப் பார்த்தேன். தசமப் புள்ளிக்கு அப்புறம் 21 பூச்சியம், ஒரு 4, அதற்கப்புறம் 1,48,176 இலக்கங்கள் வரிசையாகப் போய், திரும்ப முதலிலிருந்து அதே 1,48,176 இலக்கங்கள். சுழற்சி நீளத்தைத் தருபவை 3⁵, 7⁴, 11, 13, 17 ஆகியவை. தனித்தனியாக 27, 2058, 2, 6, 16. அவற்றின் மீச்சிறு பொது மடங்குதான் இது. பைத்தானிலும் ஓட்டிச் சரிபார்த்துவிட்டேன்.

தொண்டி_வலை (காலை 9:58)

தங்கச்சி, சுழல் என்றாலே எங்களுக்குப் பயம். நீ அதற்குள்ளே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறாய்.

கீழக்கரைக்காரன் (மதியம் 1:15)

துபாயிலிருந்து எழுதுகிறேன், தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும். என் வாப்பாவின் வாப்பா சங்கு வியாபாரத்தில் கணக்கு எழுதியவர். அவருடைய பேரேடு ஒன்று வீட்டில் தகரப் பெட்டியில் கிடக்கிறது. இந்த இழையைப் படித்ததும் உம்மாவுக்குப் போன் போட்டு, பெட்டியைத் திறந்து பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷ என்று பழைய குறிகளோடு, பூச்சி அரித்தது போக எழுபது பக்கம் தேறுகிறது.

ராத்திரி முழுக்கத் தேடினேன். இம்மி இல்லை, அணு இல்லை. கீழ்முந்திரியும் இல்லை. முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி. அதோடு சரி. இரண்டே இடத்தில் காணி வருகிறது, அதுவும் சங்குக் கணக்கில் இல்லை, ஒரு தென்னந்தோப்புப் பாகப் பிரிவினையில்.

காரணம் யோசித்தால் எளிதுதான். அன்றைக்கு ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை, ஆக 192 பை. ரூபாயில் முந்திரி என்றால் 192-ஐ 320-ஆல் வகுக்க வேண்டும், 0.6 பை. கொடுக்க அதற்கு நாணயமே கிடையாது. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, சரியாக ஓர் அணா. 1957-ல் நயா பைசா வந்ததும் அந்த மாகாணியும் கணக்கில் உதைக்க ஆரம்பித்தது: 6¼ பைசா.

உச்சிப்புளி_வாத்தியார் (மதியம் 2:30)

அருமை. ஆனால் மணல் தம்பிக்காக ஒரு வார்த்தை. பணத்தில் வராவிட்டாலும் நிலத்தில் வந்தது. சோழர் கல்வெட்டுகளில் நில அளவு முந்திரிக்கும் கீழே 'கீழ்' போட்டு இறங்குகிறது. ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கர் என்று வைத்தால், அதில் கீழ்முந்திரி கால் சதுர மீட்டருக்குச் சற்று மேல், ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்காரும் இடம். அதுவரை அளந்திருக்கலாம், வரி போட்டிருக்கலாம். இம்மிக்குக் கீழே உள்ளவை, என் அபிப்பிராயத்தில், மனக்கணக்குப் பயிற்சி. 21, 11, 7, 9, 17, 14 என்று மடங்குகளைக் கரடுமுரடாக வைத்திருப்பதைப் பார்த்தாலே தெரியும், பையன்களைப் பெருக்க வைப்பதற்கான ஏற்பாடு. அளப்பதற்கு என்றால் எவனும் 17 வைக்க மாட்டான். ஒரு குச்சியைப் பதினேழாகப் பிரித்துப் பாருங்கள், தெரியும்.

தனுஷ்கோடி_மணல் (மாலை 4:11)

வாத்தியார் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. பயிற்சி என்றாலும் நம் பயிற்சிதானே. நான் அனுப்பிய குழுக்களிலெல்லாம் திருத்தம் போடுகிறேன், மொத்தம் பதினொரு குழு. ஆனால் ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. நாலு எண்ணிலும் ஏன் தலை மட்டும் போனது? நடுவில் ஒன்றாவது போயிருக்கலாமே?

மண்டபம்_மாணவி (மாலை 4:30)

ஊகம்தான் அண்ணா: முதலில் வெறும் எண்களாக இருந்து, பிறகு யாரோ ஒவ்வொன்றுக்கும் முன்னால் "1/" சேர்த்திருக்கலாம். அப்படிச் சேர்க்கும்போது முதல் எழுத்தின் மேலேயே அடித்திருந்தால் தலை போய்விடும்.

தொண்டி_வலை (மாலை 4:37)

அப்படியானால் தேர்த்துகள் மட்டும் எப்படித் தப்பியது? அதற்குள் டீ வந்துவிட்டதா?

பாம்பன்_ஐஸ்காரன் (இரவு 8:50)

இன்றைக்குப் பகல் முழுக்க அக்கா மகள் ஒரே கேள்வியில் நின்றாள். "மாமா, எல்லாம் முழுசு முழுசா இருக்கு, கடைசியில மட்டும் எதுக்கு ஆறரை?" எனக்குப் பதில் தெரியவில்லை. அவளே நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

ஆறரை என்றால் 13-ஐ 2-ஆல் வகுத்தது. கீழே உள்ள 2 மேலிருந்து ஒரு 2-ஐத் தின்றுவிட்டது. 23 இரண்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் 22 ஆனது அதனால்தான். அதற்குப் பதிலாக ஒரு 13-ஐக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. நுண்மணல் வரைக்கும் 13 எங்குமே கிடையாது. கடைசி மடங்கு ஆறு என்றோ ஏழு என்றோ இருந்திருந்தால் பங்கு பிரிப்பது பன்னிரண்டு பேரோடு நின்றிருக்கும். பதின்மூன்றாவது ஆள் ஏறியதுமே சண்டை. வாத்தியார் ஐயாவின் அந்தப் பூச்சியமும் வந்திருக்காது. அரை போட்டதால்தான் பதினெட்டு வரை போனது.

"ஒன்பதரை போட்டிருந்தா?" என்று கேட்டேன், சும்மா சீண்டத்தான். உடனே சொல்லிவிட்டாள்: 19-ஐ 2-ஆல் வகுத்தது, பத்தொன்பதாவது ஆளுக்கு இடம் கிடைக்கும், ஆனால் 13 போய்விடும்.

ஐயா, அவளுக்கு நீங்கள் ஒருநாள் நேரில் அந்த 1001 வித்தையைக் காட்ட வேண்டும். உச்சிப்புளிக்குப் பஸ்ஸில் கூட்டி வருகிறேன். தடைக்காலம் முடிவதற்குள் என்றால் நல்லது. ஜூன் 15-க்கு அப்புறம் எனக்கு இந்த நோட்டில் ஐஸ் எழுதத்தான் இடம் இருக்கும்.

உச்சிப்புளி_வாத்தியார் (இரவு 9:05)

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். நோட்டையும் எடுத்து வாருங்கள், அவள் போட்ட பெருக்கலைப் பார்க்க வேண்டும்.